அந்த அறையில் என்ன செய்கிறார்கள்? புலனுணர்வு அறை பற்றி ஓர் எளிய விளக்கம்

“பிள்ளை, அவனை அங்கே ஓர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போகிறார்களாம். உள்ளே வெளிச்சமும் மட்டாம். மறைக்காமல் சொல்லுங்கள், அடிக்கிறார்களா?”

விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில், நெல் காயவிட்டிருந்த படங்கின் ஓரமாக இருந்துகொண்டு ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டார். அவருடைய மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். நோய் முற்றியிருந்த நேரத்தில் நடந்த ஒரு சம்பவத்துக்காக, நீதிமன்றம் அவனைச் சிறைக்கு அனுப்பாமல் பூட்டிய உளநல வைத்தியசாலை ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாயோடு பேசுவான். அப்படி ஒரு ஞாயிறு, “இன்றைக்கு என்னைச் சென்சரி ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்” என்று சொல்லியிருக்கிறான். அம்மாவுக்கு விளங்கியது ‘ரூம்’ என்ற சொல் மட்டும்.

அறை, இருட்டு, கூட்டிக்கொண்டு போனார்கள். இந்த மூன்றும் ஒன்றாக வந்து விழுந்தால் வன்னியில் ஒரு தாய்க்கு நித்திரை வராது. அவர் மூன்று இரவு உறங்கவில்லை.

நான் உளவளத்துணை வேலை செய்பவள். ‘சென்சரி ரூம்’ என்ற அந்தப் புலனுணர்வு அறையைப் பற்றி அவருக்கு ஒரே நாளில் விளங்கப்படுத்த முடியவில்லை; நாலைந்து தடவை போய் இருந்து பேசினேன். அவருடைய அனுமதியோடும், ஆளை இனங்காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியும், அதையே இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு வீடுகளிலும் ஆட்கள் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பூட்டிய வைத்தியசாலை

உளநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பான்மையினர் யாருக்கும் ஒரு தீங்கும் செய்வதில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். வெகுசிலருக்கு மட்டும், நோயின் பிடியில் தமக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை வருகிறது. அல்லது அவர்கள் செய்த குற்றச் செயலின் பின்னால் நோய் இருக்கிறது என்று நீதிமன்றம் காண்கிறது. இவர்களைத்தான் பூட்டிய வைத்தியசாலையில் வைத்துச் சிகிச்சை கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் இதற்கு உயர், நடுத்தர, குறைந்த பாதுகாப்பு என்று மூன்று படிகள் உண்டு. உயர் பாதுகாப்பு வைத்தியசாலைகள் அந்நாட்டில் மூன்றே மூன்று: 1863-இல் திறக்கப்பட்ட புரோட்மூர், பிறகு வந்த ராம்ப்டன், ஆஷ்வொர்த். நம்முடைய தாயின் மகன் இருப்பது நடுத்தரப் படியில். அவனை அங்கே வைத்திருக்கும் அதிகாரம் 1983-ஆம் ஆண்டின் உளநலச் சட்டத்திலிருந்து வருகிறது.

இலங்கையில் நீதிமன்றம் அனுப்பும் நோயாளர்களுக்கான பிரிவு அங்கொடையில், தேசிய மனநல நிறுவகத்தில் இருக்கிறது. நமது சட்டத்தின் வேர் 1873-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். 1956-இல் அதைத் திருத்தினார்கள். கிளிநொச்சியிலிருந்து அங்கே போக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

எந்த நாட்டில் இருந்தாலும் இப்படியான ஒரு வாட்டில் நாள் எப்படிப் போகும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு கதவு பூட்டிய பிறகுதான் அடுத்த கதவு திறக்கும். கரண்டியையும் முள்ளையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவார்கள். சாவிக் கொத்தின் சத்தம் இரவும் பகலும் கேட்கும். கூரையில் வெள்ளை விளக்கு. பக்கத்து அறையில் யாரோ கத்துவார். அதை நிறுத்த உங்களால் முடியாது, எழும்பி வெளியே போகவும் முடியாது. சாப்பாட்டின் மணம், குளிரூட்டியின் காற்று, படுக்கை விரிப்பின் சொரசொரப்பு என உடம்பில் வந்து படும் எதுவும் நீங்கள் தெரிந்தெடுத்தது இல்லை.

இப்போது நம்முடைய ஊரை நினையுங்கள். மனம் கொதிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? கிணற்றடிக்குப் போய் நாலு வாளி தண்ணீரைத் தலையில் வார்க்கிறோம். வரம்பில் நடக்கிறோம். வேம்பின் கீழ்ச் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடுகிறோம். சிலர் ஒன்றும் பேசாமல் விறகு கொத்துவார்கள். கொத்தி முடிய முகம் மாறியிருக்கும். இதை யாரும் சிகிச்சை என்று சொல்வதில்லை. ஆனால் நாம் எல்லோரும் ஒவ்வொரு நாளும் புலன்களைக்கொண்டுதான் மனத்தை ஆற்றிக்கொள்கிறோம். பூட்டிய வாட்டில் இருப்பவருக்குப் பறிபோவது இந்தக் கிணற்றடி.

புலனுணர்வு அறை என்பது, பூட்டுக்குள் இருக்கும் ஒருவருக்கு அந்தக் கிணற்றடியில் ஒரு சிறு பங்கைத் திருப்பிக் கொடுக்கும் முயற்சி. அம்மாவுக்கு நான் முதலில் சொன்னதும் இதைத்தான். அவர் சற்று நேரம் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு இருந்தார். பிறகு, “அப்படியென்றால் கதவு பூட்டுவதில்லையா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

எப்படி வந்தது

1970-களில் நெதர்லாந்தில், டி ஹார்ட்டன்பெர்க் என்ற இல்லத்தில் வேலை செய்த யான் ஹுல்செகே, அட் வெர்ஹுல் என்ற இருவர், கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காக ஒளி, ஒலி, மணம், தொடுகை நிறைந்த ஓர் அறையை அமைத்தார்கள். அதற்கு ‘ஸ்னூசலன்’ என்று பெயர் வைத்தார்கள். மோந்து பார்த்தல், கண்ணயர்தல் என்று பொருள்படும் இரண்டு டச்சுச் சொற்களை ஒட்டிச் செய்த பெயர் அது. அமெரிக்காவில் அதற்கு முன்பிருந்தே ஜீன் ஏயர்ஸ் என்ற தொழில்வழிச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளைச் செய்ய நோயாளருக்கு உதவுபவர்), புலன்களிலிருந்து வரும் செய்திகளை மூளை எப்படித் தொகுக்கிறது என்பதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். இவற்றைப் பெரியவர்களுக்கான உளநல வாட்டுகளுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் டீனா சாம்பேன் என்ற இன்னொரு தொழில்வழிச் சிகிச்சையாளர். 2004-இல் அவர் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை, ஆளைப் பிடித்து அடக்குவதற்கும் தனியறையில் பூட்டுவதற்கும் மாற்றாகப் புலன்வழி முறைகளை முன்வைத்தது.

பிடித்து அடக்குதல் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இங்கிலாந்திலேயே ஒரு துயரமான சாட்சி இருக்கிறது. 2010-இல் செனி லூயிஸ் என்ற 23 வயது இளைஞர், லண்டனில் ஓர் உளநல வைத்தியசாலையில் பொலிசார் பலர் சேர்ந்து அமுக்கிப் பிடித்த பின்னர் இறந்தார். அவருடைய பெற்றோர் விடாமல் போராடினார்கள். உளநல வாட்டுகளில் பலப் பிரயோகத்தைக் கட்டுப்படுத்த 2018-இல் வந்த சட்டத்தை மக்கள் ‘செனியின் சட்டம்’ என்றே அழைக்கிறார்கள். அது 2022 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பலத்தைப் பயன்படுத்தாமல் வேறு என்ன செய்யலாம் என்று ஒவ்வொரு வாட்டும் தேட வேண்டிய நிலை வந்தபோது, புலனுணர்வு அறைக்கும் இடம் கிடைத்தது.

உடம்பு வழியாக மனத்துக்கு

தமிழில் ஒரு வசதி உண்டு. கையில் சூடு படுவதும் உணர்வு, நெஞ்சில் துக்கம் வருவதும் உணர்வு. இரண்டுக்கும் ஒரே சொல். உடம்பில் நடப்பதும் அப்படித்தான்.

பயமோ கோபமோ ஏறும்போது, ஆபத்துக்கு உடம்பைத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புத் தொகுதி முடுக்கிவிடப்படுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு அடிக்கிறது, மூச்சு மேலே மேலே ஓடுகிறது, கை குளிர்கிறது. அந்த நேரத்தில் ஒருவரிடம் “அமைதியாக இரு, யோசித்துப் பேசு” என்றால் அது காதில் ஏறாது. யோசிக்கும் மூளை பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. ஆனால் தோல் கேட்கும். மூட்டுகள் கேட்கும். மூக்கு கேட்கும். சொல் போக முடியாத இடத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் போகும்.

ஐம்புலன் என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். சிகிச்சையாளர்கள் இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள். காதின் உட்புறம் இருக்கும் சமநிலை உணர்வு ஒன்று; ஆடுவதையும் சாய்வதையும் அறிவது அது. தசையிலும் மூட்டிலும் இருக்கும் உணர்வு இன்னொன்று; கண்ணை மூடிக்கொண்டும் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிவது அதனால். மூன்றாவது, பசி, தாகம், நெஞ்சுத் துடிப்பு போன்ற உள்ளுடம்பின் செய்திகள். பிள்ளையை ஏணையில் போட்டு ஆட்டும் ஒவ்வொரு தாயும் முதலாவதைப் பயன்படுத்துகிறாள். ஒரே தாளத்தில் மெதுவாக ஆடுவது மனத்தை அடக்கும். விறகு கொத்துபவர் இரண்டாவதைப் பயன்படுத்துகிறார். பாரமான வேலை, இழுத்தல், தள்ளல், இடித்தல் எல்லாம் மூட்டுகளுக்கு ‘நீ இங்கேதான் இருக்கிறாய்’ என்று சொல்கின்றன.

மணத்துக்கு ஒரு தனி வழி உண்டு. மற்றப் புலன்களின் செய்தி மூளையின் நடுவில் உள்ள தலமஸ் என்ற சந்தியைக் கடந்தே மேலே போகும். மணம் மட்டும் அந்தச் சந்தியில் நிற்பதில்லை. பயத்தையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு நேரே போகிறது. ஒரு வாசனை வந்த கணமே இருபது வருடத்துக்கு முந்திய ஒரு மத்தியானம் முழுதாகக் கண்முன் வந்து நிற்பது அதனால்தான். மணம் ஆற்றும், மணமே ஆளை உலுக்கியும் விடும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லோருக்கும் தேவைப்படுவது ஆற்றுதல் இல்லை. சிலர் பயத்தில் கொதிப்பதில்லை, உறைந்துபோகிறார்கள். கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டார். இவர்களை மெல்லிய இசையும் மங்கிய வெளிச்சமும் இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோய்விடும். இவர்களுக்கு வேண்டியது எழுப்பும் புலன்: கையில் ஒரு பனிக்கட்டி, நாக்கில் தேசிக்காயின் புளிப்பு, இஞ்சியின் உறைப்பு, காலடியில் குளிர்ந்த நிலம். ஒரே அறைக்குள் இரண்டு வகைக்கும் பொருள் இருக்க வேண்டும். எது யாருக்கு என்று தெரிந்த ஓர் ஆளும் இருக்க வேண்டும்.

உள்ளே

சாதாரண இடங்களில் இப்படியான அறை பார்க்க மிக அழகாக இருக்கும்: குமிழி ஏறும் தண்ணீர்க் குழாய், நிறம் மாறும் ஒளி இழைகள், கூரையில் நகரும் மேகப் படம். பூட்டிய வைத்தியசாலையில் அதே அழகை ஆயிரம் யோசனைக்குப் பிறகே வைக்க முடியும். கழுத்தில் சுற்றக்கூடிய கம்பியோ நாடாவோ தொங்கக் கூடாது. உடைத்து ஆயுதமாக்கக்கூடிய கண்ணாடி கூடாது. மேகப் படத்தை ஒளியாக வீசும் புரொஜெக்டர் சுவருக்குள் புதைந்திருக்கும். குமிழிக் குழாயை உடையாத தடித்த பிளாஸ்டிக் மூடியிருக்கும். கதிரைகள் தூக்கி எறிய முடியாத பாரம், ஆனால் இருந்தால் ஆளை அணைத்துக்கொள்ளும் மென்மை. எண்ணெய்ப் போத்தல், ஊதுபத்தி எதுவும் இல்லை; மணம் வேண்டுமென்றால் ஒரு துணித் துண்டில் ஒரு துளி. எல்லாம் துடைத்துக் கழுவக்கூடியதாக இருக்கும். உடம்பை மெல்ல அழுத்தும்படி பாரம் வைத்துத் தைத்த பாரப் போர்வையை உறையோடு எடுத்து வந்து, முடிந்ததும் எண்ணி எடுத்துவிடுவார்கள். ஆடும் கதிரை, பிசைய ஒரு பந்து, தடவிப் பார்க்கச் சில துணிகள், பாட்டுக் கேட்க வயர் இல்லாத ஒலிபெருக்கி. இவ்வளவுதான்.

ஆனால் பொருட்களைப் பார்த்து மயங்குவது பெரிய பிழை. அந்த அறையின் உயிர் அதற்கு முந்திய ஒரு பேச்சில் இருக்கிறது. தொழில்வழிச் சிகிச்சையாளர் நோயாளரோடு இருந்து பேசுவார். உங்களுக்குச் சூடு ஏறத் தொடங்குவது எப்படித் தெரியும்? கை நடுங்குமா, நடக்கத் தொடங்குவீர்களா, பேச்சு நின்றுவிடுமா? எந்தச் சத்தம் பிடிக்காது? சிறு வயதில் எங்கே போய் ஒளிந்துகொள்வீர்கள்? பதில்களை ஒரு சிறிய அட்டையில் எழுதி வைப்பார்கள். வாட்டில் வேலைக்கு வரும் ஒவ்வொரு தாதிக்கும் அது தெரிந்திருக்கும். பிறகு, கொதிப்பு உச்சிக்கு ஏறும் முன், அதன் முதல் அறிகுறியிலேயே, “கொஞ்சம் அங்கே போய் இருப்போமா?” என்று கேட்பார்கள். நோயாளர் தானே கேட்டும் போகலாம். போகும் முன் மனநெருக்கடி பத்துக்கு எத்தனை என்று சொல்வார். வெளியே வரும்போது மறுபடி சொல்வார். எட்டு ஐந்தானால் நல்லது. எட்டு ஒன்பதானால் இன்று பாவித்த பொருள் பிழை, அடுத்த முறை வேறு.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கதவு பூட்டுவதில்லை. நோயாளர் விரும்பினால் போகிறார், விரும்பியபோது வெளியே வருகிறார், கூடவே ஓர் ஊழியர் இருக்கிறார். இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் போனாலும் அது வேறு அறையாகிவிடும். இங்கிலாந்தில் தனிமைப்படுத்தல் அறை என்று ஒன்றும் இருக்கத்தான் செய்கிறது. பிறருக்குக் கடும் தீங்கு நேரும் என்ற நிலையில் மட்டும் ஆளை அதில் பூட்டலாம். பூட்டினால் குறைந்தது பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவர் நிலையை எழுதிவைக்க வேண்டும், தாதியரும் வைத்தியரும் குறித்த நேரங்களில் வந்து பார்க்க வேண்டும். புலனுணர்வு அறையின் கதவை ஒரு நாள் வெளியிலிருந்து பூட்டினால், சுவரில் எத்தனை மேகம் ஓடினாலும் அது தனிமைப்படுத்தல்தான். அந்தக் காவல்கள் எதுவும் இல்லாத தனிமைப்படுத்தல். ஆகவே பெயரைப் பார்க்காமல் கதவைப் பாருங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவர் மகனிடம் முதலில் கேட்டது, “கதவு திறந்து இருக்குமா?” என்பதுதான். “ஓம் அம்மா, திறந்துதான் இருக்கும்” என்று அவன் சொன்னானாம். அன்றிரவு உறங்கினார்.

நல்லபடி நடந்ததற்குப் பரிசாகவும் அந்த அறையைக் கொடுக்கக் கூடாது, தண்டனையாக மறுக்கவும் கூடாது. மூச்சு விடுவதற்கு யாரும் புள்ளி சேர்க்க வேண்டியதில்லை.

பலன் உண்டா? ஆஸ்திரேலியாவில் ஓர் உளநல வாட்டில் செய்து 2012-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு, அறையைப் பாவித்தவர்களின் மனநெருக்கடி குறைந்ததையும், பாரப் போர்வை பாவித்தவர்களிடம் அது இன்னும் கூடுதலாகக் குறைந்ததையும் கண்டது. ஆனால் தனிமைப்படுத்தலும் வன்முறையும் அந்த வாட்டில் குறையவில்லை. வேறு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தாலும் படம் ஏறக்குறைய இதுதான்: அந்த நேரத்துத் தவிப்பு குறைவது பல இடங்களில் தெரிகிறது, வாட்டில் பூட்டுவதும் பிடிப்பதும் குறைகிறதா என்பதில் ஓர் இடத்துக்கு ஒரு விடை. எனக்கு இதில் வியப்பில்லை. அறை ஒன்றைக் கட்டிவிட்டு, வாட்டின் மற்ற நடைமுறைகளை அப்படியே விட்டால் என்ன மாறும்? இங்கிலாந்தில் ‘சேஃப்வார்ட்ஸ்’ என்ற முறையை 15 வைத்தியசாலைகளின் 31 வாட்டுகளில் வைத்துச் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். ஊழியரும் நோயாளரும் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வது, கெட்ட செய்தி வந்த நாளில் கூட இருப்பது என்று பத்து எளிய மாற்றங்கள். ஆற்றிக்கொள்ள உதவும் பொருட்கள் நிறைந்த ஒரு பெட்டியும் அவற்றில் ஒன்று. மோதல்கள் 15 சதவீதமும், பிடித்தல், பூட்டுதல் போன்றவை 26 சதவீதம் வரையும் குறைந்தன. அறையும் பெட்டியும் இப்படியான ஒரு வாட்டுக்குள் இருக்கும்போதுதான் வேலை செய்கின்றன. மருந்துக்கோ பேச்சுச் சிகிச்சைக்கோ அவை மாற்றும் இல்லை.

வண்டு

ஒருவரை ஆற்றும் பொருள் இன்னொருவருக்கு நஞ்சாகலாம். வலிப்பு உள்ளவருக்கு மின்னி மறையும் ஒளி ஆபத்து. ஆஸ்துமா உள்ளவருக்கு மணம் கூடாது. குரல் கேட்கும் நோய் உள்ளவருக்கு, இசைக்குள் முணுமுணுப்பு இருந்தால் அது அவரோடு பேசத் தொடங்கும். மூச்சுக் கோளாறோ இதய நோயோ உள்ளவர் மேல் பாரப் போர்வையைப் போடும் முன் வைத்தியரைக் கேட்க வேண்டும். இவை எந்த நாட்டுக் கையேட்டிலும் இருக்கும். வன்னியிலிருந்து போன ஒருவருக்கு எது கூடாது என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை.

அந்த மகன் முதன்முறை அந்த அறைக்குப் போன நாளில் ஐந்து நிமிடம்கூட இருக்கவில்லை. புரொஜெக்டரின் காற்றாடி மெல்லிய ஒரு சீரான இரைச்சலோடு ஓடியிருக்கிறது. அவன் கூரையைப் பார்த்துப் பார்த்து, காதைப் பொத்திக்கொண்டு, “வண்டு, வண்டு” என்று சொல்லிக்கொண்டு வெளியே ஓடிவிட்டான். மொழிபெயர்ப்பாளர் அதைப் பூச்சி என்று சொல்லியிருக்கிறார். ஊழியர்கள் நல்ல மனத்தோடு அறை முழுதும் தேடிப் பார்த்து, பூச்சி ஒன்றும் இல்லை என்று அவனுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள்.

இதை அம்மா எனக்குச் சொன்னபோது இரண்டு பேரும் சற்று நேரம் பேசவில்லை. 2009-இல் அவனுக்குப் பதினான்கு வயது. தலைக்கு மேலே பகலும் இரவும் இரைந்துகொண்டு சுற்றிய ஆளில்லா வேவு விமானத்தைச் சனம் வண்டு என்றுதான் சொன்னது. வண்டு வந்து சுற்றினால், பின்னால் என்ன வரும் என்று குழந்தைக்கும் தெரியும்.

இரண்டாம் முறை பாரப் போர்வையைக் கொடுத்திருக்கிறார்கள். பலருக்கு அது தாயின் அணைப்புப் போல இருக்கும். இவனோ உதறி எறிந்துவிட்டான். பதுங்கியிருந்த பங்கருக்குள் ஒரு தடவை மண் சரிந்து இடுப்பு வரை மூடியதையும், தகப்பன் கையால் தோண்டி இழுத்ததையும் அம்மா அன்றுதான் எனக்குச் சொன்னார். மங்கிய வெளிச்சம், தாழ்ந்த கூரை, உடம்பின் மேல் பாரம், மேலே ஓர் இரைச்சல். அமைதிக்காக அமைத்த அறை, அவனுடைய உடம்புக்கு அப்படியே பங்கராகிவிட்டிருந்தது. யாருடைய குற்றமும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அடுத்ததாக நடந்ததுதான் எனக்கு முக்கியம். அங்கேயிருந்த தொழில்வழிச் சிகிச்சையாளர் விட்டுவிடவில்லை. மகனின் சம்மதத்தோடு தாயோடு பேச விரும்பினார். ஒரு மாலை, கைப்பேசியைத் திண்ணையில் சாய்த்து வைத்து, மொழிபெயர்ப்பாளர் நடுவில் இருக்க, நானும் பக்கத்தில் இருந்தேன். வண்டு என்றால் என்ன என்று அம்மா விளக்கினார். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தவர் நடுவில் ஒரு கணம் நின்றுவிட்டார். பிறகு அந்தச் சிகிச்சையாளர் கேட்டார்: “சின்ன வயதில் அவருக்கு மனம் சரியில்லாவிட்டால் எங்கே போவார்?”

அம்மா யோசிக்கவே இல்லை. “குளத்துத் துருசடிக்கு.”

துருசுக் கதவு திறந்திருக்கும் நாட்களில் தண்ணீர் வாய்க்காலில் விழும் இடத்தில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பானாம். கூப்பிட்டால் கேட்காது, அவ்வளவு சத்தம். சாப்பாட்டுக்கு ஆளனுப்பித்தான் கூட்டி வர வேண்டும். இடையில் இன்னொன்றும் சொன்னார்: பிட்டுக்கு மா குழைக்கும்போது பக்கத்தில் வந்து இருந்து தானும் பிசைவானாம், எட்டாம் வகுப்பிலும் அந்தப் பழக்கம் போகவில்லையாம்.

சிகிச்சையாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அடுத்த கிழமையிலிருந்து புரொஜெக்டர் நிறுத்தப்பட்டது, வெளிச்சம் கூட்டப்பட்டது, போர்வை எடுக்கப்பட்டது. வாட்டில் சமையல் பழகும் நேரத்தில், ஊழியர் ஒருவர் பக்கத்தில் இருக்க, அவன் மா குழைக்கத் தொடங்கியிருக்கிறான். தண்ணீர்ச் சத்தம் மட்டும் சரிவரவில்லை. அவர்களிடம் இருந்த பதிவுகள் கடலலையும் மழையும். “இது நம்முடைய தண்ணீர் இல்லை” என்று அவன் சொல்லிவிட்டான்.

இங்கே, வன்னியின் வைத்தியசாலைகளில் வேலை செய்பவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் ஒன்று சொல்கிறேன். நமக்குக் குமிழிக் குழாய் வேண்டியதில்லை. ஒரு பெட்டி போதும்: கழுவக்கூடிய துணிகள், பிசையும் மா, பனையோலை விசிறி, குளிர்ந்த தண்ணீரில் நனைக்க ஒரு துவாய், புளிப்பாக ஏதாவது, நோயாளர் தெரிந்தெடுத்த பாட்டு. பெட்டியைத் திறக்கும் முன் அவரிடமும் வீட்டாரிடமும் ஒரு மணிநேரம் பேசுங்கள். திருவிழா வெடியும் ஹெலிகொப்டரும் யாரை என்ன செய்கின்றன என்பதை நம்மைவிட யார் அறிவார்? இங்கிலாந்துக்காரர் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டறிந்ததை நாம் நம்முடைய மொழியிலேயே கேட்கலாம்.

பூட்டிய வாட்டில் பிள்ளை இருக்கும் வீட்டாருக்கும் இதையே சொல்வேன். அங்கே இருப்பவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். சிறு வயதில் அவனை எது ஆற்றியது, எந்தச் சத்தத்துக்கு ஒளிந்துகொள்வான், எந்த மணத்துக்கு அழுவான் என்பதை நீங்களே சொல்லுங்கள். அவன் சம்மதித்தால் எழுதி அனுப்புங்கள். மருந்தின் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

போன மாதம் குளத்தில் துருசு திறந்த செய்தி வந்ததும் அம்மா என்னை வரச் சொன்னார். விடிய ஐந்தரைக்குக் குளக்கட்டில் நின்றோம். தண்ணீர் நுரைத்துக்கொண்டு வாய்க்காலில் விழுந்தது. கைப்பேசியில் பதிவு செய்வதை அவருக்குக் காட்டிக் கொடுத்தேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, கட்டு வழியாக ஒரு லாண்ட்மாஸ்டர் இரைந்துகொண்டு வந்தது. அம்மா உடனே பதிவை நிறுத்தி, அதை அழித்தார். “இரைச்சல் சேரக் கூடாது பிள்ளை” என்றார். அந்த வண்டி வளைவில் திரும்பி, அதன் சத்தம் முழுதாக ஓயும்வரை இருவரும் காத்து நின்றோம். பிறகு அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, படியில் இறங்கி, கைப்பேசியைத் தண்ணீருக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினார்.